ஐந்தாவது கோலுக்குப் பிறகு

போன வருடம் வைகாசி மாதம். புத்தூர்ச் சந்தியில், பின்னேரம் மூன்று மணி வெயிலில், சீலைப் பைக்குள் ஒரு மாலையை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸுக்காகத் தனியாக நின்றேன். அன்று எனக்கிருந்த கோபத்தில், யாராவது வந்து "ஆருக்கக்கா மாலை?" என்று கேட்டிருந்தால் கேட்டவரை அந்த இடத்திலேயே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அந்தக் கோபத்தில் முக்கால்வாசி நியாயமானது என்று இப்போதும் சொல்வேன். மிச்சக் கால்வாசியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் வடமராட்சிக் கரையோரத்தில் பிறந்தவள். கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போகாத நாட்களில் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரே வேலை பந்தடிப்பதுதான். பெண்பிள்ளைகள் ஆடக்கூடாது, ஆனால் பார்க்கலாம். கடைசி விசில் அடித்து, கோல் கம்பத்தில் வலையைக் கழற்றும்வரை நான் நின்று பார்ப்பேன். என் அண்ணை ஊர்க் கழகத்தில் நல்ல ஆட்டக்காரர். ஒருமுறை கொழும்பில் தேசிய அணியின் பயிற்சிக்கு வரும்படி அவருக்குக் கடிதம் வந்தது. அது போரால் பாதை பூட்டியிருந்த காலம். கடிதம் அவர் கைக்கு வந்து சேர்ந்தபோது பயிற்சி முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. அண்ணை அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அன்றைக்கு எனக்குள் ஏறிய பிடிவாதம் இன்னும் இறங்கவில்லை. அண்ணை போட முடியாமல் போன அந்தத் தேசிய அணிச் சட்டையை ஆர் போட்டாலும், ஆணோ பெண்ணோ, அவர்கள் என் ஆட்கள்.

அந்த ஆட்கள் வென்றதை விரல் விட்டு எண்ணலாம் என்பது வேறு கதை. மாலைதீவிடம் தோற்றிருக்கிறார்கள், நேபாளத்திடம் தோற்றிருக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் தங்கள் கோலுக்குள் தாங்களே அடித்தும் தோற்றிருக்கிறார்கள். எப்போதாவது ஒரு ஆட்டத்தில் வென்றால் எனக்கு இரண்டு நாள் நிலத்தில் கால் பாவாது.

கலியாணம் கட்டிப் புத்தூருக்கு அண்மையில் ஒரு கிராமத்துக்கு வந்தேன். செம்மண் தோட்டம், வெங்காயம், புகையிலை என்று வாழ்கிற அருமையான சனம். ஆனால் உலகக் கிண்ணம் வந்தால் அந்தச் சனத்துக்கு ஏதோ பிடித்துவிடும். பனையில் ஏறி பிரேசில் கொடி கட்டுவார்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆர்ஜென்டினா பதாகை தொங்கும். என்னுடைய மனுசனும் இதில் சளைத்தவரில்லை. நான் எங்கள் அணியின் ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துக் கத்தினால், "உமக்கென்ன விசரே? உந்த ரீமுக்குக் கத்துற நேரம் எங்கடை பிரேசிலுக்கு ஒருக்காக் கத்திப் பாரும்" என்பார். எங்கடை பிரேசிலாம்! அந்த நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால் மனுசன் மேலும் கீழும் முழிப்பார்.

வேறு சிலர் இன்னொரு கேள்வி கேட்பார்கள். "அது எங்கடை ரீமோ அக்கா?" போரைக் கண்ட சனம் கேட்கிற அந்தக் கேள்விக்குப் பின்னாலிருக்கிற வலி எனக்கும் தெரியும். சாமிப் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்த கடிதம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிற ஆள் மஞ்சள் நிறத்தில் பிரேசில் சட்டை போட்டுக்கொண்டு நின்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியிருக்கும்போது, எங்கள் ஒழுங்கையிலேயே, எங்கள் வீட்டுக்கு நான்கு வேலி தள்ளி, ஒரு பிள்ளை பெண்கள் தேசிய அணிக்குத் தெரிவானாள். கோல் காப்பாளர். தகப்பன் வெங்காயம் செய்கிறவர். இருபது வயதில் அவள் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனபோது ஒரு குஞ்சும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு வெளிநாட்டுச் சுற்றுப்போட்டியில் அந்த அணி ஒரு ஆட்டத்தில் வென்றது. பேப்பரில் படம் வந்தது. அவ்வளவுதான், ஊர் எழும்பிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வென்று வருகிற பிள்ளைகளை வரவேற்கிற முறை ஒன்று இருக்கிறது. சந்தியில் மாலை, பாண்ட் வாத்தியம். பிறகு வாழை கட்டிச் சோடித்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளையை ஏற்றி ஊர்வலம். வீட்டுக்கு வீடு படலையடியில் ஆலாத்தி. கடைசியாகச் சனசமூக நிலையத்தில் பொன்னாடை போர்த்திக் கூட்டம். அவளுக்கும் இதெல்லாம் நடந்தது. பிரதம விருந்தினராக வந்தவர், "இவர் எதிர்காலத்தில் இன்னும் பல கோல்களை அடிக்க வேண்டும்" என்று வாழ்த்தினார். கோல் காப்பாளர் கோல் அடிக்க வேண்டுமாம்! அதற்கும் கைதட்டினார்கள்.

அவள் குனிந்த தலை நிமிராமல் நின்றாள். பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். அந்தச் சுற்றுப்போட்டி முழுவதும் அவள் மேலதிகக் காப்பாளராக வெளியே வாங்கிலில் இருந்தவள். ஒரு நிமிடம்கூட மைதானத்தில் கால் வைக்கவில்லை. கூட்டத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தெரிந்தும் ஆலாத்தி எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு வருடம் போனது. போன வைகாசியில் இன்னொரு வெளிநாட்டில் இன்னொரு போட்டி. முதல் காப்பாளருக்குக் காலில் அடிபட்டதால், அவள் முதல் தடவையாக முழு ஆட்டம் ஆடப் போகிறாள் என்று செய்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சனசமூக நிலையத்துக்கு ஓடினேன். விளையாட்டுக் கழகமும் அங்கேதான் இயங்குகிறது. உலகக் கிண்ணத்துக்கென்று வாங்கிய பெரிய ரீவி அங்கே இருக்கிறது. பின்னேரம் அந்த ஆட்டத்தின் நேரலையைப் போடுங்கள் என்று கழகச் செயலாளரிடம் கேட்டேன். அவர் இழுத்தார். "பின்னேரம் பெடியள் வேறை மட்ச் பாக்கிறவங்களக்கா. போட்டாலும் ஆர் பாக்கப் போயினம்?" அந்த "வேறை மட்ச்" முதல் நாள் முடிந்துபோன ஏதோ ஒரு வெளிநாட்டுக் கழக ஆட்டத்தின் மறுஒளிபரப்பு என்று பிறகு அறிந்தேன்.

வீட்டில் கைத்தொலைபேசியிலேயே பார்த்தேன். ஒரே ஒரு கமரா. அதுவும் ஆடி ஆடி, அடிக்கடி நின்றுபோகும். ஆனாலும் அவளைக் கண்டுகொண்டேன். பச்சைச் சட்டையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை. நெஞ்சு நிறைந்துபோனது.

நிறைந்த நெஞ்சு பதினைந்து நிமிடத்தில் வற்றிவிட்டது. முதல் கோல், இரண்டாவது கோல். மூன்றாவது, அவள் வெளியே ஓடி வந்து பந்தைத் தவறவிட்டதால் போனது. ஐந்தாவது கோல் அவள் கைக்குள் வந்து வழுகிப் போனபோது நான் எழும்பி நின்று கத்தினேன், "கைக்குள்ளை வந்த பந்தையும் விட்டிட்டியேடி!" மனுசன் அடுத்த அறையிலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை நிறுத்திக் கட்டிலில் எறிந்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். எட்டுக்குப் பூச்சியம் என்று முடிவை இரவுச் செய்தியில்தான் அறிந்தேன்.

அடுத்த நாளே ஊரின் வாய் திறந்துகொண்டது. எட்டுக் கோலையும் வெட்டி ஒட்டிய ஒரு வீடியோத் துண்டு ஒவ்வொரு போனாகத் திரிந்தது. தேநீர்க் கடையில் ஒருவர், "அவளின்ரை கோல் திருவிழா நேரத்துக் கோயில் வாசல் மாதிரி, ஆரும் போகலாம் வரலாம்" என்றாராம். அந்தத் தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாராம். அதற்குப் பிறகு அந்த மனுசன் தேநீர்க் கடைக்கும் போகவில்லை, மருதனார்மடம் சந்தைக்கும் போகவில்லை. பிடுங்கிய வெங்காயத்தை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினார். மகளுக்குப் போன் எடுத்து, "இனிக் காணும். பந்தும் வேண்டாம் கிந்தும் வேண்டாம், வீட்டை வா" என்று சொல்லிவிட்டார் என்று அவளுடைய தாய் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். அடுத்த மாதம் மீண்டும் பயிற்சி முகாம். தகப்பன் விடமாட்டார் என்பது தெரிந்துவிட்டது.

வரவேற்பு என்ன மாதிரி என்று கேட்கச் செயலாளரிடம் போனேன். "தோத்துப்போட்டு வாறவைக்கு என்னத்துக்கக்கா வரவேற்பு? ஊர் சிரிக்குமெல்லோ" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "போன உலகக் கிண்ணத்திலை பிரேசில் தோத்த அண்டு நீங்கள் சாப்பிடாமல் கிடந்தனீங்களெல்லோ? கொடி கந்தலாகிற மட்டும் பனையிலை கிடந்ததெல்லோ? பிரேசில் உங்களுக்கு மாமன் மச்சான் முறையோ? பக்கத்து வீட்டுப் பிள்ளை தோத்தா மட்டும் உங்களுக்குச் சிரிப்போ? வாங்கிலிலை இருந்திட்டு வந்தவளுக்கு லாண்ட்மாஸ்டர் விட்டியள். தொண்ணூறு நிமிசம் தனியா நிண்டு அடி வாங்கினவளுக்கு ஒரு மாலை இல்லை. இதென்ன நியாயம்?" என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். உள்ளே ரீவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எனக்குக் கேட்கக் கூடாதென்று, சத்தத்தைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனுசனையும் விட்டுவைக்கவில்லை. வேலியில் பூத்த நந்தியாவட்டைப் பூவெல்லாம் ஆய்ந்து நானே மாலை கட்டினேன். இந்த ஊரில் விசுவாசமான ரசிகை ஒருத்தியாவது இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்ற வீறாப்பு எனக்கு.

அப்படித்தான் சந்தியில் நின்றேன். பஸ் வந்தது. அவள் தொப்பியை இழுத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பெரிய பையோடு பின்கதவால் இறங்கினாள். நான் மாலையை வெளியே எடுத்தேன். அவள் பதறிப்போனாள்.

"அன்ரி, உதைப் பைக்குள்ளை வையுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

வைத்துவிட்டேன். அவளை என் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவளுடைய பையை முன்னால் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சந்தி தாண்டித் தோட்டவெளிக்கு வந்தோம். அவள் மெல்லக் கேட்டாள்.

"மட்ச் பாத்தனீங்களே அன்ரி?"

"ஓம் பிள்ளை, பாத்தனான்."

"கடைசி மட்டும்?"

உண்மையைச் சொல்ல ஒரு வினாடிதான் எடுத்திருக்கும். ஆனால் ஊரையெல்லாம் கிழித்துவிட்டு மாலையோடு வந்து நிற்கிறவள், பாதியில் எழும்பிப் போனேன் என்று எப்படிச் சொல்வது? "கடைசி மட்டும்" என்றேன்.

அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் ஸ்கூட்டி வாய்க்காலுக்குள் போகப் பார்த்தது. "அப்ப பெனல்ரி பாத்தனீங்கள்! ஒருத்தரும் பாக்கேல்லை அன்ரி. உந்த வீடியோவிலையும் கோலுகளை மட்டும்தான் போட்டிருக்கினம். லைவ் போட்ட பக்கத்திலையும் இப்ப அது இல்லை. நான் சொன்னா, தன்னை ஆத்துறதுக்குச் சொல்லுறன் எண்டு அப்பா நினைக்கிறார். நீங்கள் சொல்லுங்கோ அன்ரி. நீங்கள் சொன்னா நம்புவார்."

இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு பெனல்ரி உதை கிடைத்திருக்கிறது. அவள் அதைத் தடுத்திருக்கிறாள். எனக்கு அந்த ஸ்கூட்டியில் வைத்துத்தான் அது தெரியவந்தது. தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ளாமல், "ஓம் ஓம், நான் சொல்லுறன்" என்றேன். மீதித் தூரம் முழுவதும் அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு முற்றத்தில் தகப்பன் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் எழும்பவில்லை. "சாப்பிட்டனீயோ?" என்று மட்டும் கேட்டார். தாய் உள்ளே தேநீர் ஊற்றப் போனார். அவள் பையை வைத்த கையோடு, "அப்பா, அன்ரி மட்ச் முழுக்கப் பாத்தவ. கேளுங்கோ" என்றாள்.

தகப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மெய்யே தங்கச்சி? உவள் பெனல்ரி ஒண்டு மறிச்சதெண்டு சொல்லுறாள். நீர் கண்ணாலை பாத்தனீரோ?"

"பாத்தனான் அண்ணை."

"எந்தப் பக்கம் பாய்ஞ்சவள்?"

அந்த மனுசனும் ஒரு காலத்தில் பந்தடித்தவர் என்பதை நான் மறந்துவிட்டேன். விசயம் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. கோல் காப்பாளர் என்றால் ஒரு பக்கம் பாயத்தானே வேண்டும். இரண்டிலொன்று. "வலப்பக்கம் அண்ணை. பறந்து விழுந்து தட்டினவள், பந்து கம்பத்துக்கு வெளியாலை போட்டுது" என்றேன். சொல்லும்போது கையையும் நீட்டிக் காட்டினேன்.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. தகப்பன் அவளைப் பார்த்தார். "வலப்பக்கமோ பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தகப்பனிடம், "ஓம் அப்பா. வலப்பக்கம்" என்றாள்.

தகப்பன் ஒரு வெங்காயப் பிடியைக் கட்டி முடித்துவிட்டு, இன்னொன்றை எடுக்காமல் அப்படியே இருந்தார். கண்ணைத் துடைத்தார். செம்மண் விழுந்துவிட்டது என்று சாட்டுச் சொன்னார். தாய் கொண்டு வந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழும்பினேன்.

படலைவரை அவள் என்னோடு வந்தாள். நான் ஸ்கூட்டியைத் திருப்புகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"அன்ரி, நான் பாயேல்லை" என்றாள். குரலில் கோபம் இல்லை. "முதல் பாதியிலை எல்லாத்துக்கும் பாய்ஞ்சு பாய்ஞ்சு விட்டனான். அதுக்கு மட்டும் அசையாமல் நடுவிலை நிண்டனான். அடிக்க வந்தவவின்ரை கண்ணைப் பாக்க, நடுவாலைதான் அடிப்பா எண்டு விளங்கிட்டுது. நெஞ்சிலை வந்து பட்டது பந்து."

நான் சீலைப் பையை ஸ்கூட்டியில் கொளுவினேன்.

"பறவாயில்லை அன்ரி. நீங்களாவது மாலை கொண்டு வந்தனீங்கள்."

பைக்குள்ளிருந்த மாலையை அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எத்தனை பேரை நான் அந்தக் கிழமை கேள்வி கேட்டேன்! செயலாளரை, மனுசனை, தேநீர்க் கடையில் பகிடி விட்டவரை. அவர்களில் ஒருவர்கூடத் தான் அந்தப் பிள்ளையின் ரசிகர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டு விட்டுப் போனவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் இருந்து என்னை நானே திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொல்லிவிடுவதென்று புறப்பட்டேன். அவள் வேலிக்கு இந்தப் பக்கமே வந்து மறித்துவிட்டாள். "விடுங்கோ அன்ரி. அப்பா சந்தைக்குப் போயிட்டார். போற வழியெல்லாம் அதைத்தான் கதைச்சுக்கொண்டு போறார். கெடுத்துப் போடாதேங்கோ." அடுத்த மாதம் பயிற்சி முகாமுக்கு அவள் போனபோது, அந்தப் பெரிய பையைச் சந்திவரை தூக்கிக்கொண்டு போனவர் தகப்பன்தான். என் பொய் அந்தப் பிள்ளைக்கு நன்மைதானே செய்தது என்று, இதைக் கேட்ட என் மனுசன் என்னைத் தேற்றப் பார்த்தார். நன்மை செய்தது நான் இல்லை. பொய் என்று தெரிந்தும் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட அவள்தான் அதைச் செய்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் அணி ஆடிய எந்த ஆட்டத்தையும் கடைசி விசில்வரை பார்க்காமல் நான் எழும்பியதில்லை. ஆறு கோல் வாங்கிய ஆட்டத்தையும் பார்த்தேன். ஒரு ஆட்டத்தில் வென்றார்கள், அதையும் பார்த்தேன். கழகச் செயலாளரோடு இன்னும் சண்டைதான். தோற்று வருகிறவர்களுக்கும் சந்தியில் மாலை போட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிக் கேட்கிறேன், அவர்களும் ஒவ்வொரு கூட்டத்திலும் "பாப்பம் அக்கா" என்கிறார்கள். இனியும் கேட்பேன்.

ஆனால் மருதனார்மடம் சந்தையில் அந்தத் தகப்பன் வெங்காயத்தை இறக்கி வைத்துவிட்டு, "என்ரை பிள்ளை வலப்பக்கம் பறந்து தட்டினவள்" என்று கையை நீட்டிக் காட்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போய்விடுகிறேன். ஏனென்றால் அவள் அசையாமல் நடுவில் நின்ற அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டியவள், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.